ரசமும் அப்பளமும்தான், வாங்க!

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். முப்பது வருடம் வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசிப் பழகியவள் நான். இருந்தாலும் முயற்சி செய்கிறேன். அங்கே வடை ஆறிக்கொண்டிருப்பது எனக்கும் தெரிகிறது.

2015 டிசம்பரை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அடையாறு பெருகி நம் தெருவுக்குள் வந்தது. கீழ்த்தளத்து வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. இரண்டாவது மாடியில் எங்கள் வீட்டு சிலிண்டரில் காஸ் இருந்தது. ஒருவர் வீட்டு அரிசி, இன்னொருவர் வீட்டுப் பருப்பு, எங்கள் வீட்டுப் புளி. மூன்று நாள், பதினேழு பேர், ஒரே அடுப்பு. சின்ன வயதில் தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆக்கிய கூட்டாஞ்சோறு ஞாபகம் வந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள் உப்பே போடவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்தது. வீடுகளைக் கழுவினோம். கதவைச் சாத்திக்கொண்டோம். அப்புறம் லிஃப்டில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். "ஆச்சு" என்போம். அவ்வளவுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் என் கணவர் காலமானார். பிள்ளைகள் வெளியூரில். காரியம் முடியும்வரை வீடு நிறைய ஆட்கள். மறுநாளிலிருந்து நான் மட்டும். ஒருத்திக்காக என்ன சமைப்பது? அடுப்படியில் நின்றபடியே தயிர் சாதம். சில ராத்திரி இரண்டு பிஸ்கட். பிள்ளைகள் போனில் கேட்டால், "கூட்டு, பொரியல் எல்லாம் பண்ணினேன்" என்பேன். பொய் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த டீச்சர்!

ஒரு சனிக்கிழமை இரவு கீழ்வீட்டு அக்கா வந்து மணி அடித்தார். வெள்ளத்தின்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். "டீச்சர், ரசமும் அப்பளமும்தான் இருக்கு. வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். விருந்து என்று கூப்பிட்டிருந்தால் போயிருக்கவே மாட்டேன். ரசம் என்றதால் கட்டியிருந்த புடவையோடு இறங்கிப் போனேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. துவரம்பருப்பு விலையைப் பற்றித்தான் பேசினோம். நான் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். 

அடுத்த சனிக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். வெகுநாள் கழித்து அன்றுதான் நான் ஒழுங்காகத் தாளித்தேன்.

இப்போது நாங்கள் ஐந்து பேர். சனிக்கிழமைதோறும் ஒருவர் வீடு. ஒரு குழம்போ ரசமோ, ஒரு காய், மோர். கடையில் வாங்கக் கூடாது. சாப்பிட்டவர்கள்தான் பாத்திரம் கழுவ வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மூன்று பொரியலும் பாயசமும் செய்து வைத்துவிட்டார். அடுத்த வாரம் யார் வீடோ, அவர் முகம் வாடிப்போனது. பாயசத்தை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, 'இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்' என்று கண்டித்தோம்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் செய்யவில்லையே என்றுதான் நாம் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டால் இரண்டு பேர் சாப்பிடலாம். ரசத்துக்கு இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். எந்த வீட்டில் யார் அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. என்னையும் யாருக்கும் தெரியவில்லை. இந்த வாரம் ஒரு வீட்டு மணியை அடியுங்கள். "ஒண்ணும் பெரிசா இல்லை, வாங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதற்கு இன்னொரு வெள்ளம் வரவேண்டாம்.

 வாருங்கள், வடை சாப்பிடலாம்.