காவிரி கடல் புகும் இடத்தில் ஒரு பகல்



காலையில் ஒளிப்படக் கருவியுடன் புறப்பட்டு இரவுக்குள் ஊர் திரும்பும் கடற்கரைப் பயணத்தைப் பற்றி இலக்கிய மேடையில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நம் முதற் காப்பியத்தில் கதையின் போக்கையே திருப்புவது ஒருநாள் கடற்கரைப் பயணந்தான். இந்திரவிழா முடிந்ததும் கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலும் ஏறிப் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். புன்னை நிழலில் ஓவியத் திரை கட்டி அமர்கின்றனர். யாழ் கைமாறுகிறது, பாட்டில் ஐயம் பிறக்கிறது, பிரிவு நேர்ந்துவிடுகிறது.

அந்தக் கடலாடு காதையில் இளங்கோவடிகள் ஒளியைக் கையாளும் திறம் வியப்புக்குரியது. கடலின் அழகைப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. கரையில் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார்: அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, கலங்கரை விளக்கு. வெண்மணலில் விழுந்த வெண்சிறுகடுகும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளி இருந்ததாம். கடுகளவு நுட்பம் வரை குறித்து வைத்த அந்தக் கண்ணை ஒளிப்படக் கலைஞரின் கண் என்றே நான் சொல்வேன். அதனால்தான் கடல்கொண்ட பின்னும் புகார் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

திருவையாற்றில் ஒளிப்பட நிலையம் நடத்தும் அன்பர் ஒருவர் சென்ற தை அமாவாசையன்று இருள் பிரியுமுன் புறப்பட்டு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் சென்றார். அங்கிருந்து தரங்கம்பாடி கண்டு இரவில் மீண்டார். அவர் எடுத்த படங்களை நம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பலரும் கண்டிருப்பீர்கள். சங்கமத் துறையில் நீராடுவோர் நிழலுருவாய்த் தோன்ற, பின்னே செஞ்ஞாயிறு எழும் படத்தைப் பலரும் போற்றினர். ஏழுநிலை மாடம் கொண்ட சிலப்பதிகாரக் கலைக்கூடமும் அழகாகவே பதிந்திருந்தது. அக்கட்டடம் 1973இல் எழுந்தது. வருவோர் பலர் அதைச் சோழர்காலச் சின்னமென்று கருதிப் படமெடுத்துச் செல்கின்றனர். உண்மையான பழம்புகாரின் எச்சம் கீழையூரில் இருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்து, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றை வெளிப்படுத்தினர். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது அது. பார்வைக்கு வெறும் செங்கல் வரிசை. ஆகவே கருவிகள் அதன் பக்கம் திரும்புவதில்லை.

நம்மூரோடு தொடர்புடைய பழைய ஒளிப்படக் கலைஞர் ஒருவரை இங்கு நினைக்க வேண்டும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப், 1858இல் தஞ்சையையும் திருவையாற்றையும் படமெடுத்து ஒரு தொகுதியாக வெளியிட்டார். 'திரிவாடி' என்று அன்றைய ஆங்கிலேயர் எழுதியது நம் ஐயாற்றைத்தான். அக்காலத் தாள் நெகட்டிவில் வானம் வெறும் வெண்மையாகவே பதியும். டிரைப் அந்த நெகட்டிவின் மீது தம் கையால் மேகங்களைத் தீட்டினார். அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஓரெழுத்தையும் திருத்தவில்லை. மேகங்கள் கண்ணுக்கு இனியவை. ஆராய்ச்சியாளருக்கு வேண்டியது அந்தச் சுருள்.

இந்த அளவுகோலோடு நம் அன்பரின் படங்களைப் பார்த்தபோது என் மனம் தங்கியது தரங்கம்பாடியில் எடுத்த ஒரு படத்தின் மீது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கட்டிய கோட்டையை எல்லோரும் எடுக்கின்றனர், அவரும் எடுத்தார். நான் சொல்வது மாசிலாமணிநாதர் கோயிற் படம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிஞ்சியதைக் காக்கக் கருங்கற் பாறைகளைக் கரையில் கொட்டியிருக்கின்றனர். பாறை, அலை, கோயிற் சுவர் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் நிற்கின்றன. கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வானம் மங்கலாக இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

அக்கரை தேய்வதற்கும் நமக்கும் தொடர்புண்டு. கடலலை ஓயாமல் மணலை அரித்துச் செல்லும். ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் அவ்விழப்பை ஈடுசெய்யும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது; மேலே கன்னட நாட்டிலும் அணைகள் எழுந்தன. வண்டலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. எஞ்சிய மணலையும் ஆற்றுப் படுகையிலிருந்து லாரிகளில் ஏற்றியதை நாமெல்லோரும் கரையில் நின்று பார்த்தவர்கள். ஐயாற்றில் அகன்று கிடக்கும் காவிரி, கிளை கிளையாய்ப் பிரிந்து வயல்களுக்கு ஈந்து, பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவினளாய்க் கடல் புகுகிறாள். நெல்லுக்காக மெலிந்தாள் என்றால் தாய் என்று வணங்கலாம். மணலையும் பறிகொடுத்து மெலிந்ததை எவ்வாறு பாடுவது?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, அதற்கு முன் கரை எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டப் பழைய குடும்பப் படங்களும் திருவிழாப் படங்களுமே பலருக்குத் துணையாயின. அவற்றிற் பலவற்றில் ஆண்டு இல்லை. எந்த இடத்தில் நின்று எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. இன்றைய கருவிகள் நாளையும் நேரத்தையும் தாமே பதிக்கின்றன. அச்சிட்டுச் சட்டமிடும்போது நாம்தான் அவற்றை விட்டுவிடுகிறோம்.

ஆகவே அன்பரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அந்த மாசிலாமணிநாதர் கோயிற் படத்தை ஆண்டுதோறும் தை அமாவாசையன்று அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். நாளும் நின்ற இடமும் பின்புறத்தில் எழுதப்பட வேண்டும். அவர் இசைந்தார். மேலையூர்க் கடைமடைக் கதவணை மீது நின்று மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு படங்கள் சேர்த்தெடுப்பதாகவும் சொன்னார். வரும் தை அமாவாசைக்கு உடன் வர விரும்புவோர் அவரிடம் பெயர் கொடுக்கலாம். வண்டியில் இன்னும் நால்வருக்கு இடமிருக்கிறது.