சர்க்காருக்குச் சரக்கு விற்பவர்

போலாரம், ராஷ்டிரபதி நிலையம் அமைந்த ஊர். முற்காலத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் மாளிகையாக இருந்தது அந்நிலையம். ராணுவ முகாமும் அங்கு உண்டு. சென்னைப் படையுடன் வந்து சிக்கந்தராபாத் வட்டாரத்தில் குடியேறிய தமிழரும் பலர். முகாம் உள்ள இடத்தில் சர்க்காருக்குச் சரக்கு கொடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுள் ஒருவர் மத்திய சர்க்காருக்கு நூறு நாற்காலி விற்றாலும், சட்டப்படி ஒப்பந்தம் குடியரசுத் தலைவரின் பெயரால் அமைதல் வேண்டும். அதிகாரம் பெற்ற அதிகாரி அதில் கையெழுத்திடல் வேண்டும். அரசியல் சட்டத்தின் 299-ஆவது பிரிவு அவ்வாறு விதிக்கிறது.

இது வெறும் சடங்கு என்று நாம் எண்ணிவிடலாகாது. 1943-இல் கிழக்கிந்திய ரயில்வேயின் அதிகாரி ஒருவர், பிக்ராஜ் ஜெய்பூரியா என்னும் வணிகரிடம் தானியம் வாங்க உத்தரவு கொடுத்தார். ஒரு பகுதி வந்து சேர்ந்தது. மீதியை ரயில்வே ஏற்க மறுத்தது. வணிகர் நட்டஈடு கேட்டு வழக்காடினார். 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய முடிவு என்ன? 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வொப்பந்தம் கவர்னர் ஜெனரலின் பெயரால் அமையவில்லை, ஆகவே செல்லாது. எழுதியவர் அதிகாரிதானே, தாளும் ரயில்வேயின் தாள்தானே என்று நாம் கேட்கலாம். கேட்டுப் பயனில்லை.

அதே ஆண்டின் இறுதியில் வங்காளத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில் சற்றே ஆறுதல் பிறந்தது. முறையான ஒப்பந்தம் இல்லாவிடினும், இலவசமாக அன்றிச் செய்த வேலையின் பயனைச் சர்க்கார் அனுபவித்திருந்தால் ஈடு தரவேண்டும் என்றது நீதிமன்றம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவே அதற்கு ஆதாரம். கொடுத்த சரக்குக்கு வழி உண்டு. வாங்கப்படாமல் கிடங்கில் தேங்கிய சரக்குக்கு இப்பிரிவு உதவாது.

ஆகவே வக்கீலிடம் போகவேண்டிய வேளை, சண்டை மூண்ட பிறகு அன்று. டெண்டர்ப் படிவத்தைக் கையில் வாங்கிய அன்றே. ‘பரிசீலிக்கப்படும்’ என்பதும் ‘ஏற்கப்பட்டது’ என்பதும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பு மேசையில் நாம் நாள்தோறும் காணும் வேறுபாடு இது. தனியாக ஒரு பத்திரம் எழுத வேண்டும் என்பதில்லை. உரிய அதிகாரி உரிய பெயரால் எழுதிய ஏற்புக் கடிதமும் போதும் என்று 1963-இல் தீர்ப்பாயிற்று. அந்தக் கடிதம் கைக்கு வருமுன் சரக்கை வண்டியில் ஏற்றுவது துணிச்சல்.

அதிகாரிகளுக்கும் இதே அறிவுரை பொருந்தும். வழக்கமான ஒப்பந்தப் படிவத்தை விட்டு விலகினால், ஷரத்துகளை வரையும்போதே சட்ட ஆலோசனையும் நிதி ஆலோசனையும் பெறவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் கூறுகின்றன. ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பது 1974-இல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த நெறி. இதனை மறந்து போட்ட உத்தரவு நீதிமன்றத்தில் நிற்பது அரிது.

பணம் தாமதமானால்? பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. சரக்கை ஏற்ற நாள் முதல் 45 நாட்களுக்கு மேல் தவணை கூடாது. மீறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். மாநிலத்து வசதிக் கவுன்சிலிடம் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல வேண்டுமாயின், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவிகிதத்தைக் கட்டவேண்டும். சர்க்கார் நிறுவனங்களுக்கும் இதில் விலக்கில்லை.