தாழியுட் சோறும் என்பிற் சோறும்

(காரைக்காலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழந்தமிழன் என்ன உண்டான் என்று வினவினால், 'நெற்சோறு' என்றே விடையிறுப்போம். காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு வேறு விடை தோன்றாது. சான்றும் உண்டு. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009-10இல் அகழ்ந்த ஈமக்கல்லறையில், நாற்கால் சாடியொன்றினுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பெற்றது. சிவகளைத் தாழியின் நெல் கி.மு. 1155ஐச் சார்ந்தது என 2021இல் அறிவித்தனர். மகிழ்வோம், தவறில்லை.

ஆயினும், அது இறந்தவனுக்குப் படைத்த நெல். அவன் நாளும் உண்டது அதுதானா? வாய்க்கரிசியை எண்ணிப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் கேழ்வரகுக் கூழ் குடித்தவன் வாயிலும் அரிசியைத்தானே இடுகின்றோம்? படையல் வேறு, பசிக்கு உண்ட ஊண் வேறு.

பின்னதை அறிய என்பைத்தான் கேட்கவேண்டும். உடலைக் கட்டும் கரிமம் உணவிலிருந்தே வருகின்றது. அக்கரிமத்தில் எடை மிக்க அணுவும் எடை குறைந்த அணுவும் உண்டு. அவற்றை ஓரிடத்தான்கள் என்பர். கதிரொளியைக் கொண்டு நெல் தன் உணவை ஆக்கும் முறை ஒன்று. தினை, வரகு, சாமை, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றின் முறை வேறு. ஆதலால் இப்புன்செய்த் தவசங்களில் எடை மிக்க கரிமம் சற்றே கூடியிருக்கும். அவ்வேறுபாடு உண்டவன் என்பிலும் பதியும். நியூயார்க்குப் பகுதியின் பழங்குடியினர் மக்காச்சோளம் உண்டதை வோகல், வான் தெர் மெர்வே எனும் அறிஞர் இருவர் 1977இல் இவ்வழியில்தான் காட்டினர்.

நெய்தல் நிலத்தாராகிய நமக்கு இதில் ஒரு சிக்கல். கடல்மீன் உண்டவன் என்பும் கரிமக் கணக்கில் வரகு உண்டவன் என்பைப் போன்றே தோன்றும்! அங்கே நைட்ரசன் எனப்படும் வெடியம் துணைக்கு வரும். ஓர் உயிரை மற்றோர் உயிர் உண்ணும் தொடரில் மேலே செல்லச் செல்ல, எடை மிக்க வெடியம் கூடும். சிறுமீனைப் பெருமீன் விழுங்கும் கடலில் அத்தொடர் நீண்டது. ஆகவே வெடியம் மிகுந்திருப்பின் மீன், குறைந்திருப்பின் வரகு.

பல் இன்னும் வியப்புக்குரியது. பற்சிப்பி இளமையில் உருவானபின் மாறுவதில்லை. என்போ வாழ்நாளெல்லாம் புதுக்கப்பெறுகின்றது. மணமாகி வந்த ஒருத்தியின் பல்லில் பிறந்தகத்து உணவையும், என்பில் புக்ககத்து உணவையும் படிக்கலாம்.

என்பு 'வரகு' என்று சொல்லிவிட்டால் நம் பெருமை குன்றுமோ எனச் சிலர் அஞ்சுவர். கூழை இழிவென்று கருதியது பிற்காலத்து மனம். புன்செய் உழவனும் தமிழனே!

அஞ்சத் தக்கது வேறொன்று. நம் மண்ணின் வெம்மையும் ஈரமும் வெடியத்தைத் தாங்கிய என்புப் பசையை அரித்துவிடுகின்றன; பெரும்பாலும் பற்சிப்பியே எஞ்சுகின்றது. போதாக்குறைக்கு மனிதக் கைகள். ஆதிச்சநல்லூரை 1876இல் தோண்டிய செருமானியர் சாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். அங்கேயே 2004-05இல் நடுவண் தொல்லியல் துறை 150க்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. நம் புதுவைப் பகுதியின் சுத்துக்கேணியிலும் பிரெஞ்சு அறிஞர் கசால் ஈமக்காட்டை அகழ்ந்துள்ளார். அறிஞர் கைப்பட்டவை இவை. மண்வெட்டியில் உடைந்து குப்பையிற் சேர்ந்தவற்றுக்குக் கணக்கேது?

ஆகவே, கிணறு வெட்டும்போதோ மண் எடுக்கும்போதோ தாழி தென்பட்டால் உள்ளே கைவிட்டுத் துழாவாதீர்கள். பல்லை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லாதீர்கள். காப்பதாக எண்ணிப் பிசின் பூசாதீர்கள். என்பிலுள்ள கரிமக் கணக்கை அது கெடுத்துவிடும். இருந்தவாறே மண்ணிட்டு மூடி, வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே எழுதுங்கள்.