இடுப்பு வலியும் நம் உழைப்பாளரும்



மூட்டை சுமந்தும் கல் உடைத்தும் நாற்று நட்டும் வாழ்ந்து வந்தவர்கள் நாம். எனவே, ‘வட்டு விலகிவிட்டது’ என்னும் சொல் நம் தெருக்களில் பேரச்சத்தை விளைவிக்கின்றது. உண்மையில் வட்டு இடம்விட்டு நழுவுவதில்லை. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டின் வெளிவளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துகின்றது. அதனாலேயே இடுப்பில் தோன்றும் வலி கால்வரை பாய்கின்றது. இதனை 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் விளக்கி எழுதினர். முதுகை மிதித்தும் காலை இழுத்தும் அதனை உள்ளே தள்ளிவிட இயலாது; அதற்குக் காசு கொடுப்பானேன்?

பெரும்பாலோர்க்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவையின்றியே வலி தணிகின்றது. பிதுங்கிய கூழைப் பல வேளைகளில் உடலே கரைத்துக்கொள்கின்றது. பாரம் தூக்குவதைச் சில காலம் நிறுத்த வேண்டும். அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்திற்கு இது எத்துணைக் கடினம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் கட்டிலிலேயே கிடத்தலும் தீங்கே. மருத்துவர் சொற்படி மெல்ல நடமாடுதல் நன்று.

ஆனால் சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ இயலாமை, மறைவிடம் மரத்துப்போதல், பாதம் துவளுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தாமதித்தால் அவ்விழப்பு நிலைத்துவிடக்கூடும். நம் தாய்மார் நாணத்தால் இதனை மறைப்பர். வீட்டிலுள்ள படித்த பெண்மக்களே அவர்களிடம் கேட்டறிதல் வேண்டும்.