பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது யார்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பறவைதானா கிடைத்தது என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்துச் சில சகோதரிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாங்கள் பேச வந்த விஷயம் மூன்று: பறவை, நமது பெண் பிள்ளைகளுக்கு ஒரு தொழில், நமது ஊரின் வட்டையும் களப்பும். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

பறவை பார்ப்பதற்கென்றே விடுமுறை எடுத்துப் பயணம் போகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆறு பேர், எட்டுப் பேர் ஒரு குழுவாக வருவார்கள். பத்து நாள், இரண்டு கிழமை தங்குவார்கள். கழுத்தில் பைனாகுலர், கையில் ஒரு பட்டியல். கூடவே ஒரு வழிகாட்டி. கடலைப் பார்க்க வழிகாட்டி வேண்டியதில்லை. அலையில் சறுக்க வருகிறவருக்குப் பலகையும் அலையும் போதும். பறவை அப்படி அல்ல. எந்த மரத்தில், எந்த நேரத்தில், எந்தக் குரலில் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பத்தடி தூரத்தில் இருக்கும் பறவையும் கண்ணில் படாது. ஆகவே இந்த விடுமுறையில் விருந்தாளி காசு கொடுத்து வாங்குவது, ஓர் இடத்தைப் பற்றி ஒருவருக்கு இருக்கும் அறிவைத்தான்.

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 17,000க்கும் மேற்பட்ட தீவுகள். ஒரு தீவில் உள்ள பறவை அடுத்த தீவில் இருக்காது. பாலிக்கும் லொம்பொக்குக்கும் இடையில் உள்ள கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான். இருந்தும் இரு கரையின் பறவைகளும் பெரிதும் வேறுபட்டவை. இதை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் அல்பிரட் ரசல் வலஸ் என்ற ஆங்கிலேயர். 1854 முதல் 1862 வரை அந்தத் தீவுகளில் சுற்றினார். அவருடைய பெயரால் இன்று அழைக்கப்படும் ஒரு சொர்க்கப் பறவையை 1858இல் பச்சான் தீவில் முதலில் கண்டு கொண்டுவந்தவர், அலி என்ற மலாய் இளைஞர். சரவாக்கில் வலஸிடம் பணியாளாகச் சேர்ந்தவர். பறவைக்குப் பெயர் வலஸுடையது. அதைக் கண்ட கண் அலியுடையது.

இன்று மேற்குப் பப்புவாவின் மலைக் கிராமங்களிலும் ராஜா அம்பாட் தீவுகளிலும் ஊர்க்காரர்களே விடியுமுன் விருந்தாளிகளை அழைத்துப்போய், மறைப்புக் கட்டி உட்காரவைத்து, சொர்க்கப் பறவைகள் ஆடும் மரத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் காடு நிற்கும் வரைக்கும்தான் அந்த வருமானம். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நமது நாடு ஒரே தீவு. என்றாலும் மழைக்காடு, குளிர்மலை, உலர்வலயக் குளம், களப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒரு நாள் ஓட்டத்துக்குள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் 30க்கும் மேல் இங்கே உண்டு. அதற்காகவே விருந்தாளிகள் வருகிறார்கள். வழமையான சுற்று கித்துள்கல, சிங்கராஜ, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, திஸ்ஸமகாராம, பூந்தல என்று போகும். சிங்கராஜ ஓரத்துக் கிராம இளைஞர்கள் பலர் வழிகாட்டிகளாக உழைக்கிறார்கள். காதால் பறவையை அறிவது எவ்வளவு பெரிய வித்தை என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. 1995இல் கித்துள்கலக் காட்டில் இனம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட. அந்தக் குரலைத் தொடர்ந்து தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜவில் அந்தச் சிறிய ஆந்தையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் 1868க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது புதிய பறவை இனம் அது.

இந்தச் சுற்றில் அம்பாறைக் கரை பெரும்பாலும் இல்லை. இங்கே பறவை இல்லாததாலா?

கணக்கெடுத்துப் பார்ப்போம். பொத்துவில் களப்பில் மீனவர்கள் விருந்தாளிகளைத் தோணியில் ஏற்றிக் கண்டல் மரங்களுக்கிடையே கூட்டிப் போகிறார்கள். அதற்கும் தெற்கே பாணமை, ஒக்கந்தை தாண்டினால் குமண. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 1970இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாகவும் ஆனது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2006இல் குமண என்ற பெயரைப் பெற்று, 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. கும்புக்கன் ஓயாவின் தண்ணீர் பாயும் சுமார் 200 ஹெக்டேயர் வில்லில் மே, ஜூன் மாதங்களில் நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. நாட்டிலேயே மிக அரிதான கருங்கழுத்து நாரையும் அங்கே இருக்கிறது. பொத்துவிலுக்கு மேற்கே லாகுகல. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம். அதைச் சுற்றி 1954இல் அமைந்த கல்லோயாத் தேசியப் பூங்கா. வள்ளத்தில் போய் யானையும் பறவையும் பார்க்கலாம். அந்தச் சமுத்திரத்துத் தண்ணீர்தான் நமது வயல்களுக்கும் வருகிறது.

அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. கிட்டங்கிப் பக்கம் ஒரு காலை நின்று பாருங்கள். நீர்க்காகம், மீன்கொத்தி, நாரை, தாரா எல்லாம் நமது வீட்டுப் பின்புறத்தில்தான். வேளாண்மை வெட்டிய வயலில் கொக்குகள் இறங்கி நிற்பதைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் பள்ளிக்குப் போனோம்.

காலத்தைப் பாருங்கள், அதுவும் நமக்குச் சாதகம். அறுகம்பையில் அலைக்காலம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. அலைக்காரர்கள் போனதும் அறைகள் வெறுமையாகிவிடும். ஒக்டோபரில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கி, மார்ச் கடைசி வரை இருக்கின்றன. நவம்பர், டிசம்பரில் மாரி மழை கடுமைதான். வெள்ளம் வடிந்த பிறகு பெப்ரவரியும் மார்ச்சும் அருமையான மாதங்கள். பூட்டிக் கிடக்கும் அறைக்கு விருந்தாளியைக் கொண்டுவரக்கூடியது பறவைதான்.

ஆகவே இடம் இருக்கிறது, பறவை இருக்கிறது, காலமும் கூடி வருகிறது. இல்லாமல் இருப்பது, காட்டுவதற்கு நமது ஊரில் ஓர் ஆள். விருந்தாளி வந்தாலும் வழிகாட்டி வெளியூரிலிருந்து அவரோடு சேர்ந்தே வந்து, சேர்ந்தே போய்விடுகிறார்.

அந்த அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. நமது மூத்தம்மாமாரையும் வயலுக்குப் போன வாப்பாமாரையும் கேளுங்கள். ஒக்டோபரில் இமயமலை அடிவாரத்திலிருந்து வந்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வளவில் கூவும் வண்ணப் பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தவர்கள் நமது முன்னோர். சைபீரியாவிலிருந்து வந்து சேற்று வயலில் பதுங்குவது உள்ளான். கொண்டலாத்தியை எடுத்துக்கொண்டால், நபி சுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் சபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் அதுதான் என்று ஓதப்போகும் பிள்ளைக்கும் சொல்லலாம். ஆட்காட்டி வெறும் தரையில் கல்லோடு கல்லாக முட்டை இடும். ஆள் கிட்ட வந்தால் கத்தும். சிறகு முறிந்ததுபோல் நடித்துத் திசை திருப்பும். இந்த ஒரு பறவையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் விருந்தாளிக்குச் சொல்லக்கூடியவர்கள் நமது ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய வயது எழுபதுக்கு மேல். அவர்களிடமிருந்து கேட்டு எழுதாவிட்டால் அந்தப் பெயர்கள் அவர்களோடு போய்விடும்.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். நமது ஊர் கடலுக்கும் களப்புக்கும் வயலுக்கும் இடையில் ஒரு மெல்லிய கீற்று. சனம் பெருகிவிட்டது, காணி பெருகவில்லை. நமது வழக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வட்டையின் ஓரத்தில் கொட்டப்படும் கிரவல் மண்ணில் ஒரு பங்கு நமது பெயரில், நமது மகள்மாரின் பெயரில் விழுகிறது. வாப்பாமாரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வெயிலில் காய்ந்து சேர்த்த காசு அது. ஆனால் வட்டை என்பது சும்மா கிடக்கும் தண்ணீர்க் காணி அல்ல. மாரி வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் அது. அதை நிரப்பினால் வெள்ளம் நாம் கட்டிய வீட்டுக்குள்தான் வரும். பறவையும் வராது.

பறவைச் சுற்றுலா வந்தால் காணிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு சதுப்பு சதுப்பாகவே இருந்து ஒரு குடும்பத்துக்கு உழைத்துக் கொடுத்தால், அதை நிரப்ப வருகிறவரிடம் “வேண்டாம்” என்று சொல்ல ஊரில் நாலு பேராவது இருப்பார்கள். இன்றைக்கு அந்த நாலு பேரும் இல்லை.

பெண்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பறவைகளைக் காப்பாற்றும் சங்கங்களைத் தொடங்கியவர்களே பெண்கள்தான். சீமாட்டிகளின் தொப்பியில் செருகும் இறகுக்காகப் பறவைகள் கொல்லப்பட்ட காலத்தில், 1889இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் என்பவர் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அது வளர்ந்து இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம். 1896இல் பொஸ்டனில் ஹரியட் ஹெமன்வேயும் மின்னா ஹோலும் தேநீர் விருந்துகளுக்குத் தோழிகளை அழைத்தே அதுபோல ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம், 1923இல் பீகாரில் பிறந்த ஜமால் ஆரா என்ற முஸ்லிம் பெண். பல்கலைக்கழகம் போகாதவர். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பறவைகளை அவதானித்து எழுதி, பிள்ளைகளுக்காக ஒரு பறவை நூலையும் ஆக்கினார். நேஷனல் புக் டிரஸ்ட் அதை 1970இல் வெளியிட்டது.

நமது ஊர்ச் சூழலில் இரவு தங்கி வேலை செய்வது பெண்களுக்குக் கஷ்டம் என்பது நியாயமான பேச்சு. வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தில் பல வகை உண்டு. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை நாடு முழுவதற்குமான வழிகாட்டிக்கு மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கு, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு என்றும் அனுமதி கொடுக்கிறது. இந்த வேலையின் நேரமும் நமக்கு ஒத்துவரும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்து மூன்று மணி நேரம், பிறகு பின்னேரம். ஸுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால் பத்து மணிக்கு வீடு. அஸருக்குப் பிறகு போனால் மஃரிபுக்குத் திரும்பலாம். தோழிகளாகச் சேர்ந்து வரும் வெளிநாட்டுப் பெண்களுக்குப் பெண் வழிகாட்டி பெரிய ஆறுதல்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பாடசாலையில் ஒரு பறவைக் கழகம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987இல் தொடங்கியது. நமது பிள்ளைகள் வட்டையிலும் களப்பிலும் எண்ணிப் பதியலாம். ஈபேர்ட் என்ற செயலியில் பதிவது இலவசம்.

இரண்டாவது, பெயர்க் கொப்பி. ஒவ்வொரு மாணவியும் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் பறவைகளின் ஊர்ப் பெயரையும் கதையையும் கேட்டு எழுத வேண்டும். பிறகு உயிரியல் ஆசிரியைகள் அவற்றைப் படங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும்.

மூன்றாவது, க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் விருப்பமுள்ள ஆறு பேருக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும், வழிகாட்டிப் பயிற்சிநெறிக்கான செலவும்.

நான்காவது, வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு. கட்டிடத்துக்கு நீங்கள் அனுப்பிய காசை இந்தப் பாடசாலை மறக்காது. இம்முறை பைனாகுலர் அனுப்புங்கள். பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. துபாயில் இருப்பவர்கள் ஒரு நாள் ராஸ் அல் கோருக்குப் போய்ப் பூநாரைகளைப் பாருங்கள். லண்டனில் இருப்பவர்கள் 2000இல் திறந்த ஈரநில நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரிய நகரங்கள் தங்கள் நடுவில் ஒரு சதுப்பை எப்படி வைத்துக் காக்கின்றன, விருந்தாளிக்கு எப்படிக் காட்டுகின்றன என்று எழுதி அனுப்புங்கள். அது எங்களுக்குப் பெரிய உதவி.

நூறு வருடத்துக்கு முன் பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு இந்த மண்டபமே பதில். இப்போது பெண் பிள்ளைக்குப் பைனாகுலர் எதற்கு என்று கேட்பார்கள். அடுத்த பெப்ரவரியில் ஆறு பிள்ளைகள் கிட்டங்கியில் நின்று அதற்குப் பதில் சொல்லட்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது. உங்கள் பெயரையும், உங்களுக்குத் தெரிந்த ஒரு பறவையின் ஊர்ப் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.

வல்ல அல்லாஹ் இந்த முயற்சியைப் பொருந்திக்கொள்வானாக. வஸ்ஸலாம்.