தோழி சாப்பிட மறுக்கும்போது நாம் என்ன செய்வது?

(நம் டிரஸ்ட் சார்பில் ஷஅபான் மாதம் கல்லூரி மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடத்தப்பட்ட நல்வாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் வீடுகளில் ஸலாத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கும் வார்த்தை "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் நமக்கு மனசு ஆறாது. அப்படிப்பட்ட நம்மிடம், சாப்பாட்டைக் கண்டால் பயப்படுகிற ஒரு நோய் இருக்கிறது என்று சொன்னால் பலருக்கு விளங்குவதில்லை. "எல்லாம் கொழுப்பு, ரெண்டு நாள் விட்டா தானா சாப்பிடும்" என்று சொல்லிவிடுகிறோம். ரமலானுக்கு இன்னும் மூன்று வாரங்கள்கூட இல்லை. அதற்குள் இதைப் பேசிவிட வேண்டும் என்று டிரஸ்ட் நிர்வாகிகள் முடிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் நம் கல்வி உதவித்தொகை பெறும் இரண்டு மாணவிகள் நம் மகளிர் பிரிவுச் சகோதரியிடம் வந்தார்கள். ஹாஸ்டலில் அவர்களுடைய அறைத்தோழி நஃபில் நோன்பு என்று சொல்லி வாரத்தில் நாலைந்து நாள் சாப்பிடுவதில்லை. மஃரிப் ஆனால் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும், அவ்வளவுதான். நோன்பில்லாத நாளில் சாப்பிட்டுவிட்டால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறாள். இருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் கேட்டது இதுதான்: "சொன்னால் அமானிதத்துக்கு மோசம் செய்ததாகுமா? சொல்லாமல் இருந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் என்ன பதில் சொல்வோம்?"

அவர்களுக்கு அன்று சொன்னதை இன்று உங்கள் எல்லோருக்கும் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். மருத்துவர்கள் இதை ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்கிறார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுத்தோ பேதி மருந்து குடித்தோ கடும் பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பது இன்னொரு வகை. இது மெலிந்தவர்களுக்கு மட்டும் வருவதல்ல. புலிமியா உள்ள பலர் பார்வைக்குச் சாதாரண உடம்போடுதான் இருப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் வரும். மனநோய்களில் உயிருக்கு அதிக ஆபத்துள்ளவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

இரண்டாவது உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், தாமாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதிதான் தரப்பட்டது. உடம்பு மெலிந்ததோடு அவர்களுடைய மனமும் மாறியது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தவர்களும் உண்டு. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், சோர்ந்து போனார்கள். பட்டினியே மனதை மாற்றிவிடுகிறது என்பதற்கு இது சாட்சி. நம் தோழி கோபப்படுவதும் ஒளிப்பதும் பொய் சொல்வதும் அவளுடைய குணக்கேடு அல்ல. பசித்த மூளையோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது.

அறிகுறிகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் வேறு வேலை வந்துவிடும். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போவாள். கை கால் சில்லிட்டிருக்கும், முடி கொட்டும், மாதவிலக்கு நின்றுபோகும், தலை சுற்றும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பல் அரித்துப்போகும், கன்னம் வீங்கும், விரல் முட்டிகளில் தழும்பு இருக்கும். நம் பிள்ளைகள் அபாயா அணிவதால் உடம்பு இளைப்பது தாயின் கண்ணுக்குக்கூடச் சீக்கிரம் தெரிவதில்லை. கூடவே இருக்கும் தோழிக்குத்தான் முதலில் தெரியும். அதனால்தான் தோழிகளின் பொறுப்பைப் பற்றித் தனியாகப் பேசுகிறோம்.

தோழி எப்படிப் பேச வேண்டும்? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேசாதீர்கள். நாலு பேர் நடுவிலும் வேண்டாம். தனியாக, நிதானமாக, கண்ணில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "நீ மயங்கி விழுந்ததுலேர்ந்து எனக்குப் பயமா இருக்கு. நீ நல்லா இல்லேன்னு தோணுது. சொல்லணும்னா சொல்லு, நான் இருக்கேன்" என்பது போதும். அவள் மறுப்பாள், கோபப்படுவாள். அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நெருக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், நல்லதும் கெட்டதும். "மெலிஞ்சு எலும்பாயிட்டே" என்றால் அவளுடைய நோய் அதைப் பாராட்டாகக் கேட்கும். "இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டு அழகா இருக்கே" என்று நாம் ஆசையாகச் சொன்னால், "குண்டாகிவிட்டாய்" என்று கேட்கும். ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிப் பார்க்காதீர்கள். "ஒரு வாய் சாப்பிடு, எனக்காக" என்று கெஞ்சி ஊட்டுவதும் வேண்டாம். சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்தைச் சேர்ந்து படியுங்கள், கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். அவள் வராவிட்டாலும் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள்.

இதற்கு நமக்கு ஸஹாபாக்களிடமே முன்மாதிரி உண்டு. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் ஃபார்ஸி (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவரையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஸல்மான் ஒருநாள் சகோதரரின் வீட்டுக்குப் போனபோது, அவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருப்பதைக் கண்டார். விருந்து வைத்துவிட்டு, தான் நோன்பாளி என்றார் அபுத்தர்தா. அவர் சாப்பிடாமல் தானும் சாப்பிடப் போவதில்லை என்று சொல்லி ஸல்மான் அவரையும் சாப்பிட வைத்தார். இரவில் தூங்கவும் வைத்து, கடைசி நேரத்தில் இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கு இருப்பது போலவே உயிருக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னார். நபியவர்கள் இதைக் கேட்டு ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. அபுத்தர்தாவுக்கு இந்த நோய் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அது அவருடைய வணக்க ஆர்வம். ஆனால் நண்பனின் வணக்கத்தையும் கவனித்து, அவன் உடம்புக்காகப் பேசுகிற உரிமை நண்பனுக்கு உண்டு என்பது இதில் தெளிவாகிறது. ஸல்மான் அவரை ஊரில் பேசவில்லை. வீட்டில் கூட இருந்து, கூடவே தொழுது சொன்னார்.

இப்போது அந்த மாணவிகளின் கேள்விக்கு வருவோம். ரகசியம் அமானிதம்தான், சந்தேகமில்லை. ஆனால் உயிரும் அமானிதம். ஒரு காரியத்துக்கு சத்தியம் செய்தபின் அதைவிட நல்லது வேறொன்று என்று கண்டால், நல்லதைச் செய்துவிட்டு சத்தியத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பது மார்க்கம் காட்டிய வழி. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பதோ உடையளிப்பதோ அதன் கஃப்பாரா. இயலாதவர்கள் மூன்று நோன்பு வைக்க வேண்டும். விவரத்தை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் சொல்வதிலும் முறை இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் போகாதீர்கள். "இதை எனக்குள்ளேயே வெச்சுக்க என்னால முடியலை. உங்க உம்மாகிட்ட சொல்லணும். நீ சொல்றியா, இல்லே ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோமா?" என்று அவளிடமே முதலில் சொல்லுங்கள். பிறகு பொறுப்பான ஒருவரிடம் மட்டும் போங்கள்: தாய், ராத்தா, வார்டன் என்று யாராவது ஒருவர். ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்தால் அது உதவி அல்ல, புறம். சில நிலைகளில் அவளுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கவும் கூடாது: மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது, செத்துப் போகலாம் என்ற பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள், பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

ரமலானைப் பற்றி. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை இருப்பதைத் திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமான பகரா, 184, 185 வசனங்களில் சொல்கிறது. மனதில் வரும் நோயும் நோய்தான். இந்த நோய் உள்ளவர் நோன்பு வைக்கலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், பிறகு களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்க வேண்டும். நோயைக் குறைத்துச் சொல்லி ஆலிமிடம் சாதகமான பதில் வாங்காதீர்கள். நோய் சிலரிடம் நோன்பையே திரையாக்கிக்கொள்ளும். ஊரே பட்டினி இருக்கும் மாதத்தில் அவள் பட்டினியை யாரும் கேட்க மாட்டார்கள். இஃப்தாரில் கஞ்சி, வடை, சமோசா என்று விரிப்பு நிறைந்திருப்பதும் வாந்தி எடுப்பவருக்குப் பெரிய சோதனை.

பெண்கள் நோன்பில்லாத நாட்களில் "ஏன் நோன்பு இல்லை?" என்று கேட்காத நல்ல பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதே மரியாதையை நோயாளிகளுக்கும் கொடுப்போம். வீட்டில் அவளுக்குப் பகல் உணவை வேளை தவறாமல் எடுத்து வையுங்கள். தராவீஹ், குர்ஆன் ஓதுவது, ஸதகா, துஆ எல்லாவற்றிலும் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொண்டு சாப்பிடுகிற பிள்ளையை ஈமான் குறைந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கு மூன்று விஷயங்கள். ஒன்று, கண்ணேறு, ஜின் என்று ஓதிப் பார்ப்பதிலேயே மாதங்களைக் கடத்தாதீர்கள். துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், அதே வாரத்தில் மருத்துவரிடமும் போங்கள். இரண்டு, பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாக நெய்ச்சோறும் இறைச்சியும் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சடாரென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூன்று, பெண் பார்க்கும் பேச்சு. "ஒல்லியா, சிவப்பா வேணும்", "பொண்ணு கொஞ்சம் கனம்" என்று நாம் வலீமாவிலும் மருதாணி வீட்டிலும் பேசுவது பக்கத்தில் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளையின் காதில் விழுகிறது. இந்த நோய்க்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். பரம்பரை உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நம்மால் இன்றே நிறுத்த முடிந்தது அந்தப் பேச்சுதான்.

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவர், உடம்பைப் பார்க்கும் பொது மருத்துவர், உணவு ஆலோசகர் மூவரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. வயது குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரையே சிகிச்சையில் பங்காளியாக்கும் முறை நல்ல பலன் தருகிறது. மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். தேறி வந்தபின் மறுபடி சறுக்குவதும் உண்டு. பொறுமை தேவை. ஆனால் குணமாகிறவர்கள் நிறையப் பேர்.

செலவுக்குத் தயங்குபவர்கள் டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் குழுவை அணுகலாம். பயணச் செலவும் தரப்படும். பதிவேட்டில் மருத்துவ உதவி என்று மட்டுமே எழுதப்படும், நோயின் பெயர் இருக்காது. பெண்கள் மகளிர் பிரிவுச் சகோதரிகளிடமே நேரடியாகப் பேசலாம்.

தோழிகளுக்குக் கடைசியாக ஒன்று. அவளைக் குணப்படுத்துவது உங்கள் தலையில் விழுந்த கடமை அல்ல. அது மருத்துவரின் வேலை, ஷிஃபா அல்லாஹ்விடம். அவளைத் தனியாக விடாமல் இருப்பதும், சரியான ஆளிடம் கொண்டு சேர்ப்பதும்தான் உங்கள் பங்கு. உங்களுக்கும் படிப்பும் தூக்கமும் இருக்கின்றன. பாரம் தாங்காவிட்டால் நீங்களும் ஒரு பெரியவரிடம் சொல்லி அழுதுவிடுங்கள்.

அந்த இரண்டு மாணவிகளும் தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் அவளுடைய தாயிடம் போனார்கள். பத்து நாள் அவள் அவர்களோடு பேசவில்லை. இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், இந்த ரமலானில் மருத்துவர் சொன்னபடி நோன்பு இல்லை. அதற்கு மேல் சொல்வது அவளுடைய அமானிதம்.

நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஒருவருக்கொருவர் ஸல்மானைப் போன்ற நண்பர்களாக நம்மை ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.