நின்று காத்த அன்பு

நண்பன் பொருட்டு உயிர் விடுதல் பெரிதா? அவன் பொருட்டு உயிர் தாங்கி நிற்றல் பெரிதா? ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த புலவர் சிலருடைய வாழ்க்கை நம் முன் வைக்கும் வினா இது. விடை காண முதலிற் புறநானூற்றை நாடுவோம். பின்னர், நம் காலத்திலே அதே வினாவுக்குத் தம் வாழ்வால் விடையளித்த ஒருவரைக் காண யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குச் செல்வோம்.

உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்குத் துன்பம் பகைவரால் வரவில்லை. பெற்ற மக்களால் வந்தது. தந்தைக்கு எதிராகவே அவர்கள் போருக்கு எழுந்தனர். மனம் நொந்த மன்னன் அரசு துறந்தான். வடக்கு நோக்கியிருந்து உண்ணாது உயிர் துறக்கத் துணிந்தான். அப்பொழுது தன் அருகே ஓரிடத்தை ஒழித்து வைக்குமாறு கூறினான். அவ்விடம் பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாருக்கு உரியது. இருவரும் ஒருவரையொருவர் கண்டவர் அல்லர். செல்வக் காலத்தில் வாராதவர் அல்லற் காலத்தில் வருவாரா எனச் சூழ இருந்தோர் ஐயுற்றனர். மன்னன் ஐயுறவில்லை. ஆந்தையார் வந்தார், நண்பனுக்காகவே உயிர் துறந்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் பலகாலும் பேசி மகிழ்கிறோம். ஆனால் அதே இடத்தில் நின்ற மற்றொரு நண்பரை எளிதில் மறந்துவிடுகிறோம். அவர் பொத்தியார். அவரும் உடனிருந்து உயிர் விடவே விரும்பினார். அவர் மனைவியோ அப்பொழுது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்த பின் வருக என்று சொல்லி மன்னன் அவரைத் திருப்பி அனுப்பினான். பொத்தியார் சென்றார், மகன் பிறந்த பின் மீண்டும் வந்தார். வந்தபோது மன்னன் நடுகல்லாகி நின்றான். எனக்குரிய இடம் எது என அக்கல்லிடம் கேட்டு, அங்கேயே வடக்கிருந்தார். சாவின் விளிம்பில் இருந்த ஒருவன், தன் நண்பனுடைய பிறவாத குழந்தையை எண்ணிப் பார்த்தான். அன்பு முதிர்ந்த இடத்தில் கடமையுணர்வும் உடன் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனிக் கபிலரிடம் வருவோம். பறம்பு மலைக்குத் தலைவனான பாரியின் உயிர்த்தோழர் அவர். முந்நூறு ஊர்களையும் பரிசிலர்க்கு ஈந்துவிட்ட அவ்வள்ளலின் மலையை மூவேந்தரும் ஒருங்கே முற்றுகையிட்டனர். கபிலர் அவனை விட்டு அகலவில்லை. முற்றுகையிட்டிருந்த வேந்தரை நோக்கி, போரால் இம்மலையைப் பெறல் அரிது, பாடி வருவோராயின் பெறுவீர்கள் என்ற கருத்துப்படப் பாடினார். முற்றுகை நீண்டபோது, பறவைகள் வெளியே பறந்து நெற்கதிர்களைக் கொணர்ந்தன என்ற செய்தியை அகநானூறு போற்றி வைத்திருக்கிறது. முடிவிற் பாரி மாண்டான். அவன் மகளிர் இருவர் தந்தையும் மலையும் இன்றித் தனித்து நின்றனர். கடந்த திங்களின் நிலவொளியில் எமக்கு எல்லாம் இருந்தன, இத்திங்களின் நிலவொளியில் ஒன்றுமே இல்லை என அவர்கள் பாடிய சிறு பாட்டைக் கேட்டுக் கலங்காத தமிழ் நெஞ்சம் இல்லை.

கபிலரும் பாரியோடு இறக்கவே எண்ணினார். பாரியே அவரைத் தடுத்தான்; நீர் இருந்து வாரும் என்றான். அந்தச் சொல் கபிலர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. என்னோடு நீ பிணங்கினாய் போலும், அதனாலன்றோ உடன்வர விடவில்லை எனப் பின்னொருநாள் இறந்த நண்பனிடமே அவர் முறையிடுகிறார். ஆயினும், தைத்த முள்ளோடு அவர் நடந்தார். அரண்மனையில் வளர்ந்த பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்.

முதலில் விச்சிக்கோனிடம் சென்றார். அவன் மணக்க இசைந்தானில்லை. பின்னர் இருங்கோவேளிடம் சென்றார். அங்கே அவர் சொன்ன சொல் நாம் எண்ணி எண்ணிப் பார்க்கத்தக்கது. இவர்கள் பாரியின் மகளிர் என்றார். அவர்தம் தந்தையின் தோழன் யான் என்றார். ஆதலின் இவர்கள் என் மகளிர் என்றும் சொன்னார். புகலிடம் தேடி வந்தவர் போல அவர் குரல் தாழவில்லை. நாடிழந்த பெண்களை ஓர் அரசன் மகளிருக்குரிய பெருமை குன்றாமலே அவையின் முன் நிறுத்தினார். இருங்கோவேள் மறுத்தபோதோ, புலவரை இகழ்ந்ததால் அவன் முன்னோரது அரையம் என்னும் மூதூர் அழிந்த கதையை எடுத்துச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

பின்பு நடந்ததைப் பற்றிச் சான்றுகள் வேறுபடுகின்றன. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துக் கபிலர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுப் பழங்குறிப்புக்கள் கூறுகின்றன. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயிற் புகுந்தார் என்று திருக்கோவலூரிலுள்ள சோழர் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. எதனைக் கொண்டாலும் ஓர் உண்மை மாறவில்லை. அம்மகளிருக்கு ஒரு நிழல் கிடைக்கும் வரை கபிலர் சாவைத் தள்ளி வைத்தார். உயிர் விடுதற்கு ஒரு நாளின் துணிவு போதும். உயிரோடு நின்று பிறர் குழந்தைகளைக் காத்தற்கு ஒவ்வொரு நாளும் புதிய துணிவு வேண்டும்.

அன்பர்களே, அத்தகைய துணிவு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் தெல்லிப்பழையிலே துர்க்கையம்மன் ஆலயத்தைக் காண்பர். செவ்வாய்க்கிழமைகளில் அடியார் திரளும் ஆலயம் அது. அவ்வாலயத்தின் அறப்பணிகளைத் தலைமை தாங்கி நடத்தியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள். 1925ஆம் ஆண்டு பிறந்தவர். ஆசிரியத் தொழில் புரிந்தவர், பண்டிதர், சைவத்தையும் தமிழையும் ஈழத்து மேடைகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் முழங்கியவர். அவர் இல்லறம் புகவில்லை. ஆயினும் அவரை அம்மா என்றழைத்த பெண்கள் மிகப் பலர்.

1982ஆம் ஆண்டு ஆலயத்தின் நிழலிலே துர்க்காபுரம் மகளிர் இல்லம் எழுந்தது. பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளுக்கும், வறுமையால் வாடிய பெண் பிள்ளைகளுக்கும் அது வீடாயிற்று. அதன் பெயரைச் சற்று நோக்குங்கள். அநாதை என்ற சொல் அதில் இல்லை. மகளிர் என்ற சொல் இருக்கிறது. இல்லம் என்ற சொல் இருக்கிறது. இவர்கள் என் மகளிர் என்று அன்று கபிலர் சொன்ன சொல்லின் எதிரொலி இப்பெயரிலே நம் செவியில் விழவில்லையா? சோறிடுவது இரக்கம், தலை நிமிர்ந்து உண்ணச் செய்வது மதிப்பு. இரண்டும் ஒருங்கே அமைந்த இடத்தையே இல்லம் என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டே நாட்டிற் போர் மூண்டது. 1987இலே யாழ்ப்பாணம் போர்க்களமாயிற்று. 1990இலே மீண்டும் சண்டை வெடித்தபோது, வலிகாமம் வடக்கு மக்கள் ஊர் ஊராக வீடு வாசல் விட்டு வெளியேறினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அந்நாட்களில் தன் குழந்தையைக் கையிற் பிடித்துச் செல்வதே ஒரு தாய்க்கு அரிதாயிருந்தது. பிறர் பெற்ற பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றவரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! பறம்பு மலையினின்று இறங்கிய கபிலரின் கவலையை நாம் இங்கே நன்கு உணரலாம். அவருடன் வந்தவர் இருவர். இங்கே காக்கப்பட வேண்டியவர்களோ பலர்.

நாடு விட்டுச் சென்றோரை நாம் குறை கூறுவதற்கில்லை. உயிர் காத்தலும் கடமையே. சென்றோரிலும் பலர் தாம் உழைத்த பொருளைத் தம் ஊர் அறங்களுக்கு அனுப்பி வருகின்றனர். அதுவும் அன்பின் வழியே. தங்கம்மா அம்மையாருக்கும் வெளிநாடுகளில் வரவேற்பு இருந்தது. அவர் சொல்லைக் கேட்க அவைகள் காத்திருந்தன. அவர் சென்றார், பேசினார், திரும்பி வந்தார். திரும்பி வந்தார் என்ற இரண்டு சொற்களில் அவர் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பட்டத்தினும் உயர்ந்தது, இல்லத்துப் பெண்கள் அழைத்த அம்மா என்ற சொல்.

2008ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அவர் மறைந்தார். போர் முடிந்தது 2009ஆம் ஆண்டு மே மாதத்தில். தம் இல்லத்தை ஏறக்குறையக் கால் நூற்றாண்டுப் போரின் ஊடே காத்தவர், போர் முடிந்த நாளைக் காணவில்லை. கபிலரும் பறம்பு மீண்டும் தழைப்பதைக் கண்டவர் அல்லர். பயனைக் காண்போம் என்ற உறுதி இருந்தாற்றான் காப்போம் என்று இவர்கள் எண்ணியிருப்பின், அங்கே பாரி மகளிரும் இங்கே துர்க்காபுரத்துப் பெண்களும் என்னாகியிருப்பர்?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். ஆந்தையாரின் சாவை வணங்குவோம். ஆனால் நம்மிற் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது கபிலரின் வழியே. துன்பக் காலத்திலே நமக்கு வேண்டியவர் ஒருவர் மறையும்போது, அவர் விட்டுச் சென்ற பொறுப்பொன்று நம் வாயிலில் வந்து நிற்கும். அது ஒரு குழந்தையாக இருக்கலாம். முதிர்ந்த ஒரு தாயாக இருக்கலாம். இவர் எம்மவர் என்று சொல்லி, அவர் மதிப்புக் குன்றாமல் உள்ளே அழைத்துக்கொள்வதே மறைந்தவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.